கேட்டுக்கொண்டிருந்தவள்

ஜூன் 4

பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது கத்துவதைவிடக் கெடுதல் என்றார் டாக்டர். இருமல் வந்தால் தண்ணீர் குடித்து விழுங்கிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் போனால் குழாய் விட்டுப் பார்த்து, குரல் எப்படி இருக்கிறது என்று சொல்வார்.

குரல் நாணில் இருந்த முடிச்சை எடுத்தாயிற்று. மிளகு அளவுதான். குப்பியில் போட்டுக் காட்டினார்கள். மூன்று வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து காதல் நாவல்களை உரக்கப் படித்ததில் முளைத்த மிளகு.

உடனிருப்பவர் கையெழுத்து போடும் இடத்தில் ஸ்டூடியோ கணக்காளர் போட்டார். ‘உறவு’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூன் 6

அறை மாறினேன். ஹாஸ்டலில் நாலு பேர். பேசக் கூடாது என்று எழுதிக் காட்டியதும் நாலு பேருக்கும் என்னைப் பேசவைக்க ஆசை வந்துவிட்டது. இது திருப்பூருக்கு வெளியே, ஒரு வீட்டின் மாடி அறை. வெளிப்பக்கம் படிக்கட்டு. கீழ்வீட்டு வாசலில் பனியன் மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் சின்னக் கத்தரியால் தையலின் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம்.

“மேல் ஊட்டுக்கு வர்ற அம்மிணியா? பேரென்ன?”

தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

“பேச வராதா?”

தலையாட்டினேன்.

“அட கெரகமே. பொறந்ததுல இருந்தேவா?”

இரண்டு கையிலும் பக்கெட். தோளில் பாய் நழுவிக்கொண்டிருந்தது. எப்படியாவது மேலே போய்விட வேண்டும். அதற்கும் தலையாட்டிவிட்டேன்.

“காது கேக்குதல்ல?”

ஆட்டினேன்.

“அப்பப் போதும்,” என்று அடுத்த பனியனை எடுத்தார்.

நாளை ஒரு சீட்டில் உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 7

சீட்டு எழுதவில்லை. ஆபரேஷன், மௌனம், இரண்டு வாரம் என்று விளக்கினால் ஒரு பக்கம் வரும். சோம்பல்.

அம்மா மூன்று முறை அழைத்திருக்கிறாள். ‘வேலை. அப்புறம் பேசறேன்’ என்று தட்டி அனுப்பினேன். ஆபரேஷன் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். வந்தால் பேசுவாள். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜூன் 8

பத்திரிகைக்கு அனுப்பிய கதை திரும்பி வந்தது. ஆசிரியரின் குறிப்பு இரண்டே வரி. ‘மொழி சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதை ஒருவர் எதற்காகப் படிக்க வேண்டும் என்று யோசித்தீர்களா?’

நான் வாசகர் கோட்பாடுகளை எடுத்து எம்.ஃபில். செய்தவள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் ‘வாசகர்’ என்ற சொல் இல்லாத பக்கம் கிடையாது. வாசகர் எவரும் கிடையாது.

என் முதல் தொகுப்பின் மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஹாஸ்டலிலிருந்து இங்கே ஆட்டோவில் வந்ததில் பாதி எடை அவைதான்.

பேசாத இந்த நாட்களில் இதை முடிவு செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். மனிதர்கள் ஏன் கதை படிக்கிறார்கள்? தெரிந்தால் அடுத்த கதையை வேறு மாதிரி எழுதலாம்.

துவைத்தேன். கொடி இல்லை. கட்டிலின் தலைமாட்டில் காயப்போட்டேன்.

ஜூன் 10

காலையில் பல் துலக்கும்போது கீழே என் குரல் கேட்டது.

‘தாரிகா கதவைத் திறந்தாள். வாசலில் ருத்ரேஷ் நின்றிருந்தான். அவன் கண்களில்...’

நுரையோடு அப்படியே நின்றேன். ருத்ரேஷின் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மார்ச் மாதம் பதிவு செய்தது. ஸ்டூடியோ என்பது சேனலை நடத்தும் கிரிதரனுடைய அப்பாவின் பழைய பனியன் குடோன். சுவர் எதிரொலிக்காமல் இருக்க நாலு பக்கமும் துணிப் பொதி அடுக்கியிருப்பார்கள். அந்த வெக்கையில் உட்கார்ந்து, எழுதியவரை மனதில் திட்டிக்கொண்டே படித்தேன். நாவல் நாற்பது பகுதி. இருபத்தெட்டாவதோடு என் குரல் நின்றது.

படியில் இறங்கினேன். போனை மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“வா அம்மிணி. கதை கேக்கறியா? உக்காரு. இந்தப் புள்ள என்னமாச் சொல்லுது பாரு.”

உட்கார்ந்தேன். என் குரலை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வாயைத் திறந்து ‘அது நான்தான்’ என்று சொல்ல முடியாத நேரத்தில்.

ஜூன் 11

கடையில் தக்காளியைக் காட்டி ஒரு விரலை நீட்டினால் கடைக்காரர் சத்தம் போட்டுப் பேசுகிறார். ஊமைக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்ற பெண் இன்னொருத்தியிடம், “பாவம், மூக்கும் முழியுமா இருக்கு” என்றாள். முதல்முறையாக யாரோ என்னைப் பாராட்டுவதை நேரில் கேட்டேன்.

ஜூன் 13

அவர் பெயர் துளசிமணி. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூப்பிட்டதில் தெரிந்தது. கணவர் உண்டு. சாயப்பட்டறையில் இரவு வேலை, பகலில் தூக்கம். “எழுப்பினா கடிப்பாரு, எழுப்பாட்டி எதுக்கு எழுப்பலேன்னு கடிப்பாரு.” மகன் பெங்களூரில் இருக்கிறான். அவனைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு ஒரு கத்தரி கொடுத்திருக்கிறார். கழுத்துப்பட்டியின் பிசிறுகள் என் பொறுப்பு. இரண்டு பனியனை ஓட்டையாக்கிவிட்டேன். ஒட்டு போட்டு மறைத்துவிட்டார். “வாய் இல்லீன்னாக் கை ஓடும்பாங்க. உனக்கு ரெண்டும் இல்லியே சாமி.”

வெட்டிக்கொண்டே கவனித்தேன்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கதை என்று எண்ணியிருந்தேன். துளசிமணி பதினேழாம் பகுதியை இன்று மூன்று முறை போட்டார். அடுத்து என்ன நடக்கும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர். ருத்ரேஷ் தாரிகாவை அறையப்போகும் இடத்துக்கு முன்பே, “இப்ப அடிப்பான் பாரு, கட்டையில போறவன்” என்று திட்டத் தொடங்கினார்.

ஜூன் 14

தன்னையே கதையில் பார்க்கத்தான் என்றால் அதுவும் இல்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றிய கதை ஒன்று அதே சேனலில் இருக்கிறது. நான்தான் படித்தேன். விரலை வைத்துக் காட்டினேன்.

“அதெதுக்கு? அதத்தான் பொழுதன்னிக்கும் பாக்கறனே.”

துன்பத்தை மறக்கத்தான் என்றால், அவர் தேடிப் போடுவது எல்லாம் அழுகை. கண்ணைத் துடைக்கப் பனியனை எடுத்துவிட்டு, ஏற்றுமதித் துணி என்று நினைவு வந்து முந்தானைக்கு மாறினார்.

என் எம்.ஃபில். ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்கள் இரண்டு நாளில் போயின.

ஜூன் 15

மழை இல்லை. சாம்பார் மிஞ்சியது.

ஜூன் 16

துளசிமணி இன்று ஊரில் இல்லை. ஏதோ உறவில் கல்யாணம்.

கதை எழுத உட்கார்ந்தேன். ஒருவன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். வெளியே சத்தம். அவன் எழுவதில்லை. நாலு வரியில் சலிப்பு வந்துவிட்டது. அவனுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் ஜன்னலுக்குப் போனேன். காற்று வரட்டும் என்று.

ஜூன் 17

மாடிக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டுகளைப் பார்த்துவிட்டார்.

“இத்தன பொஸ்தகமும் ஒரே பொஸ்தகமா? விக்கறியா?”

ஆம் என்றும் இல்லை என்றும் தலையாட்டினேன். ஒரு பிரதியை உருவி, தரையில் படுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்கத் தொடங்கினார். எழுதியவள் பக்கத்தில் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் புத்தகம் முகத்தின்மேல் சாய்ந்தது. மெல்லிய குறட்டை.

எழுந்ததும் சொன்னார்: “நல்ல பொஸ்தகம் அம்மிணி. ஒரு மாசமா மத்தியானத் தூக்கமே இல்லாம இருந்தேன்.”

சிரிப்பு வந்தது. சத்தம் இல்லாமல் சிரிக்கப் பழகிவிட்டேன். வயிறு வலிக்கிறது.

ஜூன் 18

டாக்டரிடம் போக வேண்டிய நாள். பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு முந்தைய நிறுத்தத்தில் கீரை புதிதாக இருந்தது. இறங்கி வாங்கினேன். கீரை வாடிவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

கூடுதலாகச் சில நாள் பேசாமல் இருந்தால் குரலுக்கு நல்லதுதான்.

ஜூன் 20

கிரிதரனிடமிருந்து செய்தி. ‘மேடம், கேக்கறவங்க திட்டறாங்க. மிச்சம் பன்னெண்டு பகுதியயும் போட்டாகணும். உங்க பழைய பதிவெல்லாம் குடுத்தா மெஷினே உங்க குரல்ல படிச்சுருமாம். நீங்க சரின்னாப் போதும். தப்பா எடுத்துக்காதீங்க.’

நல்ல மனிதர். கேட்காமலேயே செய்திருக்கலாம்.

‘சரி’ என்று அனுப்பினேன். இரண்டு எழுத்து. பிறகு ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜூன் 21

கீழிருந்து கூச்சல். “அம்மிணி! ஓடியா! அந்தப் புள்ள வந்துருச்சு!”

இருபத்தொன்பதாம் பகுதி. என் குரல். என் ‘ழ’. வாக்கிய முடிவில் லேசாக இறங்கும் என் பழக்கம்கூட இருந்தது. நான் ஒருபோதும் உச்சரிக்காத வாக்கியங்களை நான் படித்துக்கொண்டிருந்தேன்.

துளசிமணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் தோளில் தட்டினார். “ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்துருக்கும், பாவம். நாந்தான் பயந்து போயிட்டேன்.”

நானும் சிரித்தேன். பிசிறு வெட்டினேன். இன்று ஒரு ஓட்டையும் விழவில்லை.

ஜூன் 22

முப்பது, முப்பத்தொன்று இரண்டையும் கேட்ட பிறகு துளசிமணி போனை அணைத்தார். வழக்கமாக அணைக்க மாட்டார்.

“என்னமோ ஆயிப்போச்சு அந்தப் புள்ளைக்கு.”

என்ன என்று கையைக் காட்டினேன்.

“எச்சி முழுங்கறதில்ல. முன்னெல்லாம் அழுவற எடத்துக்கு முன்னால சித்தெ நிக்கும். இப்ப நிக்கறதே இல்ல. இழவு ஊட்டுக்குள்ள போயும் பஸ் ஸ்டாண்டாட்டவே பேசுது.” கத்தரியைக் கையில் எடுத்து, எடுத்தபடியே யோசித்தார். “ஆராச்சும் கழுத்துல கத்தி வெச்சுப் படிக்கச் சொல்றாங்களோ என்னமோ.”

நான் நின்றது அழுகைக்காக அல்ல. அந்த வாக்கியங்கள் நீளம். மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நான் திட்டிக்கொண்டே நிறுத்திய இடங்களில் இவர் மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 23

மத்தியானம் கரண்ட் போனது. கணவர் ஊரில் இல்லை. போனிலும் சார்ஜ் இல்லை. தெருவில் எங்கும் தையல் மிஷின் சத்தம் நின்று, ஒரு மாதிரி அமைதி.

துளசிமணி தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யாரிடமும் சொன்னதில்லை என்றார். “உன்கிட்டச் சொன்னா வெளிய போவாது. சாமிகிட்டச் சொல்றாட்ட.”

அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஓர் இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். எந்தச் சொல் என்றுகூடத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன். தொண்டைக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

கரண்ட் வந்தபோது இருவரும் விலகி உட்கார்ந்தோம்.

ஜூன் 24

அவர் எனக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கே கண் நோய் வந்தால் வெள்ளித் தகட்டில் அடித்த கண்ணை உண்டியலில் போடுகிறார்கள். கால் வலித்தால் கால். துளசிமணி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாக்கைக் காட்டினார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் ஒரு கோடு.

“கடைக்காரன் நாக்கு அச்சே இல்லீங்கறான். ஆரும் கேக்கறதில்லியாம். சொல்லிச் செய்யச் சொன்னேன். வெள்ளிக்கெழம போடறேன். ஆத்தா கண்ணத் தொறந்தா ஒரு வார்த்தையாச்சும் வரும். ‘அம்மா’ன்னு ஒரு வார்த்த.”

நான் பேசினால் அது அற்புதம். பேசாவிட்டால் பொய். பேசி உண்மையைச் சொன்னால் அது என்ன என்று தெரியவில்லை.

ஜூன் 25

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. வாயைத் திறந்தேன்.

மூடிவிட்டேன். வாளி நிரம்பி வழிந்தது.

ஜூன் 27

போனேன். டாக்டர் தேதியைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். “ரெண்டு வாரம் பேசாம இருங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க மூணு வாரத்துக்கு மேல இருந்திருக்கீங்க. பேச ஆளே இல்லையா?”

வேடிக்கையாகத்தான் சொன்னார்.

குழாய் விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டது. “‘ஈ’ சொல்லுங்க.”

சொன்னேன். யாரோ பக்கத்து அறையில் தகர நாற்காலியை நகர்த்தியது போல ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலி எதுவும் இல்லை.

தழும்பு இருக்கிறதாம். பயிற்சி செய்தால் கொஞ்சம் தெளியலாம். பழைய குரல் வருமா என்று எழுதிக் காட்டினேன். “வாயால கேளுங்க,” என்றார். கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். “நாவல் படிக்கற வேலை வேண்டாம்.”

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் 28

வெள்ளி. காலையில் துளசிமணி மஞ்சள் சேலை கட்டி, தட்டில் தேங்காய், பழம், கற்பூரம், நடுவில் அந்த நாக்கு வைத்துப் படியடியில் நின்றிருந்தார். “வா அம்மிணி, நேரமாச்சு.”

“அக்கா, வேண்டாம்,” என்றேன்.

தட்டு சாய்ந்தது. வாழைப்பழம் உருண்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “ஆத்தா! போறதுக்கு முன்னாலயே குடுத்துட்டியா!” என்று கத்தினார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அழுகிறார், சிரிக்கிறார், “இன்னொருக்காச் சொல்லு சாமி, இன்னொருக்கா” என்கிறார்.

இதற்கு மேல் தள்ளிப்போட ஒரு படிகூட மிச்சமில்லை.

“அக்கா, நான் ஊமை இல்ல. தொண்டையில ஆபரேஷன். பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நீங்க கேட்டப்போ சும்மா தலையாட்டிட்டேன். அப்புறம் சொல்லலாம்னு...”

கைகள் என் கன்னத்திலிருந்து மெதுவாக இறங்கின.

“அப்ப உனக்குப் பேச வரும்.”

“வரும்.”

“அன்னிக்கி நாஞ் சொன்னப்பவும் வரும்.”

“பேசக் கூடாதுக்கா. ஆனா...”

“வரும்,” என்றார். எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழத்தைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது. பகலில் அவர் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 30

இப்போது பேசலாம். பத்து நிமிடம் பேசி, அரை மணி நேரம் ஓய்வு. பத்து நிமிடத்தை யாரிடம் செலவழிப்பது?

பால் பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன்.

ஜூலை 1

அம்மாவை அழைத்தேன்.

“யாருங்க?”

“நான்தாம்மா. கோமதி.”

“எந்த கோமதி?” என்றாள். பிறகு, “ஏட்டி, என்னட்டி ஆச்சு தொண்டைக்கு?”

சொன்னேன். எல்லாவற்றையும். ஆஸ்பத்திரிக் கையெழுத்து வரைக்கும். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லு” என்று மட்டும் நடுநடுவே சொன்னாள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஜூலை 2

செவ்வாய். துளசிமணி தனியாகக் கோவிலுக்குப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். தட்டில் நாக்கு இருந்தது. திரும்பும்போது இல்லை. நெற்றியில் திருநீறு. மேலே பார்க்கவில்லை.

வேண்டிக்கொண்டதை மாற்ற முடியாதுபோல.

ஜூலை 3

கீழே கதை எதுவும் ஓடவில்லை. முப்பத்தைந்தாம் பகுதி வந்து இரண்டு நாள் ஆகிறது. கத்தரியின் சத்தம் மட்டும்.

என் தொகுப்பை எடுத்து முதல் கதையிலிருந்து உரக்கப் படித்தேன். பதினோரு கதைகள் இருக்கின்றன. மூன்றாவது கதையில் நிறுத்திவிட்டேன். எல்லோரும் அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்குள்ளும் ஒரே ஆள் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு கதையிலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 5

சாயங்காலம் படிக்கட்டில் காலடி. நான் கதவருகே போய் நின்றேன். துளசிமணி கடைசிக்கு முந்தைய படியில் நின்றுவிட்டார். இடுப்பில் ஒரு பனியன் கட்டு.

“தண்ணி உட்டுருக்குது. புடிச்சு வெச்சுக்கோ. ரெண்டு நாளைக்கி வராது.”

“சரிங்க்கா.”

முகத்தைச் சுளித்தார். “அதென்ன, தகரத்த இழுக்கறாட்ட இருக்குது?”

“இனிமே இப்படித்தானாம்.”

“நல்லா வெட்டியுட்டாங்க போ.” கட்டை அந்தப் படியிலேயே இறக்கி, அதன் மேல் உட்கார்ந்தார். எனக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“உனக்கு என்ன வேல?”

சொன்னேன். சேனல் பெயரைச் சொன்னேன். தாரிகாவுக்கும் ருத்ரேஷுக்கும் குரல் கொடுத்தது நான்தான் என்றேன்.

அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார். “பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும் அம்மிணி. அந்தப் புள்ள நேத்துக்கூடப் படிச்சிருக்குது. அது கொரலு எப்படி இருக்கும்! வெண்ணையாட்ட.”

நான் வாதாடவில்லை. எனக்கே அது வேறு யாரோ போலத்தான் இருக்கிறது.

“நெசத்தச் சொல்லு. பொழுதன்னிக்கும் என்னமோ எழுதிட்டே இருக்கியே, என்ன அது?”

“கதை எழுதுவேன்.”

தெருவில் ஒரு வேன் மூட்டைகளோடு போனது. அது வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கி கரண்ட் போனப்பச் சொன்னத எழுதினியா?”

“இல்லக்கா.”

“நெசமா?”

“நெசமா. எழுதல. யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

இதைக் கேட்டால் ஆறுதல் அடைவார் என்று எதிர்பார்த்தேன். திரும்பினார். கண்ணில் கோபம்.

“ஏன்? எழுதற அளவுக்கு அதுல ஒண்ணுமில்லியா?”

வாய் அடைத்துவிட்டது. இந்த முறை டாக்டர் யாரும் சொல்லவில்லை.

“அப்படி இல்லக்கா. நீங்க நம்பிச் சொன்னீங்க, அதான்...”

“நம்பித்தான் சொன்னேன். நீ வாய வெச்சுட்டு இல்லாதவளாட்ட உக்காந்திருந்தியே, அதுக்குத்தான் எனக்கு வவுறு எரியுது. எழுதறவன்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்காச் சொல்லியிருப்பேன். அழுது, மூக்கச் சிந்தி, பாதிய உட்டுட்டேன்.” ஒரு பனியனை உருவினார். வெட்டவில்லை. மடியில் போட்டுத் தடவினார். “இத்தன வருசமா அத எனக்குள்ளயே சொல்லிட்டிருக்கறேன். துணி வெட்டறப்ப, சோறு வடிக்கறப்ப. எப்பப் பாத்தாலும் என்ற கொரலுதான். கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு. இன்னொருத்தரு சொல்லி நாங் கேக்கோணும். நான் செஞ்சது செரியா தப்பாங்கறதெல்லாம் வேண்டாம். சும்மா, அது கேக்கறதுக்கு எப்படி இருக்கும்னு.”

ஆய்வேட்டில் இதற்கு ஓர் இடமும் இல்லை.

“எழுதுவியா?”

“எழுதறேன்.”

“பேர மாத்திப்போடு. நல்ல பேரா வையி. தாரிகாவாட்ட வேண்டாம், ஆரும் நம்ப மாட்டாங்க. ஊரையும் மாத்து. அவன ரொம்பக் கெட்டவனா எழுதிராதே.” மடியிலிருந்த பனியனை மடித்தார். “நல்லவனாவும் எழுதிராதே.”

“சரி.”

“எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டோணும்.”

“என் குரல் தகரமாட்டம் இருக்கேக்கா.”

“இருக்கட்டும். எச்சி முழுங்கறியல்ல?” பனியனை ஓரமாக வைத்தார். கட்டோடு சேர்த்துத் தன்னைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தார். “மொதல்ல இருந்து சொல்றேன். அப்பெல்லாம் நாங்க காங்கேயத்துல இருந்தோம். எனக்கு இருவது வயசு. வேண்டாம், பத்தொம்பதுன்னு போட்டுக்கோ...”

நிறுத்தினார்.

“என்னத்துக்கு இப்பவும் செவுத்தாட்ட உக்காந்திருக்கறே? கதை கேட்டா உம் கொட்டோணும். கொட்டாட்டி எனக்கு எப்படி வரும்?”

“ம்,” என்றேன்.

“அப்படி,” என்று சேலையைக் காலைச் சுற்றிச் செருகிக்கொண்டு தொடங்கினார்.